மிச்சத்தை அளக்க ஒரு மேசை

பார்வைக் குறைபாடு என்ற ஒரே காரணத்தைக் காட்டி யாருக்கும் நீதித்துறைப் பணி வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் போவதற்குள், ஏப்ரல் 30 அன்று, இன்னொரு தீர்ப்பு: கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு எல்லோருக்கும் ஏற்றதாக மாற வேண்டும், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்றது. நீதிமன்றம் கதவுகளைத் திறந்துகொண்டே போகிறது. அந்தக் கதவுவரை ஒருவர் படித்து, பஸ் பிடித்து, படியேறி வந்து சேர யார் உதவுகிறார்கள் என்று கேட்டால், நம் பொது மருத்துவத்தில் பெரும்பாலும் பதில் இல்லை.

முழுப் பார்வையும் இல்லாமல், முழு இருட்டும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் வாழ்பவர்களைப் பற்றியது இந்தக் கேள்வி. இவர்களைச் சுற்றியிருப்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. வெள்ளைக் கோலோடு பஸ்ஸில் ஏறியவர் கைபேசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் “நடிக்கிறார்” என்பார்கள். தரையில் விழுந்த காசை எடுத்துவிட்டவர் எதிரே வந்த சொந்தக்காரரின் முகம் தெரியாமல் கடந்து போனால் “திமிர்” என்பார்கள். சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடியால் திருத்த முடிந்ததையெல்லாம் திருத்திய பிறகும், இரண்டு கண்களில் மேலான கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே இறங்கி 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. சாதாரணக் கண்ணுக்கு 18 மீட்டரிலிருந்து தெரியும் எழுத்தைப் பார்க்க இவர் 6 மீட்டருக்கு வர வேண்டும். கடைசி எல்லையில் இருப்பவர், பிறர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில் நின்றுதான் காண முடியும். எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும், சுற்றிலும் தெரிய வேண்டிய பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கி 10 பாகை வரை வந்துவிட்டால் அவரும் இதே பிரிவில் வருவார்.

இப்படி ஒருவரை அரசு நேருக்கு நேர் சந்திக்கும் நாள் அநேகமாக ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அவர் மருத்துவக் குழுவின் முன் உட்காரும் நாள். அன்று கண் மருத்துவர் பரிசோதிக்கிறார், விழுக்காடு எழுதுகிறார், முத்திரை விழுகிறது. 40 விழுக்காட்டைத் தொட்டால் உதவித்தொகை, பஸ் சலுகை, இடஒதுக்கீடு என்று சில வழிகள் திறக்கும். எவ்வளவு பார்வை போயிற்று என்பது இவ்வளவு கவனமாக அளக்கப்படுகிறது. மிச்சமிருக்கும் பார்வையை வைத்து அவர் என்னென்ன செய்ய முடியும் என்பதை அளக்க அங்கே ஆள் இல்லை. அந்த ஆளின் பெயர் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைக் காட்டி “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பவராக மட்டுமே நாம் அறிந்திருக்கும் அவரை, மறுவாழ்வுப் பணியாளராக அரசு நியமிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வெற்றியின் நிழலில் விடுபட்டவர்கள்

இந்தியாவின் கண் மருத்துவ வரலாறு பெருமைப்படத்தக்கது. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையானது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் வந்து பாடம் கேட்கும் இடம். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே 1976-இல்தான். 1994-இல் உலக வங்கி உதவியோடு ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. ஊர் ஊராக முகாம், வேன், அறுவைச் சிகிச்சை, கறுப்புக் கண்ணாடி, மறுநாள் கட்டுப் பிரிப்பு என்று அந்த இயக்கம் லட்சக்கணக்கானவர்களுக்குக் கண் கொடுத்தது.

அந்த வெற்றியே ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையே கண் நலத்தின் அளவுகோல் ஆயிற்று. கண்புரை அதற்கு இசைந்த நோய்: ஒருமுறை செய்தால் பார்வை திரும்பும், கணக்கு முடியும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு இன்னமும் கண்புரையே காரணம் என்பதால், இந்த அளவுகோலைத் தவறென்றும் தள்ள முடியாது. மீதி ஒரு பங்கில் இருப்பவர்களின் நிலை வேறு. கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. சர்க்கரை நோய் அரித்த விழித்திரையை லேசரும் ஊசியும் ஓரளவு காக்கும், பழையபடி ஆக்காது. மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பார்வையைக் குழாய்போலச் சுருக்கும் பரம்பரை விழித்திரை நோய்கள், அல்பினிசம், முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது, பிறப்பிலேயே நலிந்த பார்வை நரம்பு என்று பட்டியல் நீளும். நெருங்கிய உறவில் திருமணம் இன்னும் வழக்கிலிருக்கும் நம் பகுதிகளில் இவற்றுள் சிலவற்றுக்குக் குடும்பத்துக்குள்ளேயே தொடர்ச்சி உண்டு.

இந்த மீதிப் பங்கு வளரப்போகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு; 2031-இல் 18 விழுக்காட்டைத் தாண்டுவார்கள் என்பது அரசின் கணிப்பு. கண்புரையை வென்று முடித்த பிறகு குறைபார்வையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அதற்குள் ஒரு தலைமுறை முதியவர்கள் திண்ணையிலும் கட்டிலிலும் முடங்கியிருப்பார்கள்.

“இனி ஒன்றும் செய்ய முடியாது”

கண் மருத்துவர் இப்படிச் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. மருந்தாலும் கத்தியாலும் செய்ய வேறில்லை என்பதே அவர் சொல்ல வருவது. கேட்பவர் காதில் அது தீர்ப்பாக விழுகிறது. அதன் பிறகு குடும்பம் இரண்டில் ஒரு வழியில் போகும். ஊர் ஊராக வேறு டாக்டர், நாட்டு மருந்து, வேண்டுதல் என்று அலைந்து கடனாகும். இல்லையென்றால் “நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அன்பாகச் சொல்லி அவர் கையிலிருந்து கரண்டியையும் சாவியையும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது வழியில் செலவு குறைவு, சேதம் அதிகம்.

ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை அந்த வாக்கியத்துக்குப் பிறகு தொடங்குகிறது. முதலில் அவர் கேட்பது எத்தனை வரி தெரிகிறது என்பதை அல்ல. என்ன செய்ய முடியாமல் போயிற்று என்பதை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகை, தையல்காரருக்கு ஊசிக்காது, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஊசியின் கோடுகள், பாட்டிக்கு மாத்திரை அட்டையின் பெயர். பிறகு அளவுகள். தொலைவுப் பார்வை, கிட்டப் பார்வை, பார்வைப் பரப்பு, எல்லாவற்றோடும் வேறுபாட்டு உணர்வு. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து தெரிகிற ஒருவருக்குச் சாம்பல்நிறச் சாலையில் சாம்பல்நிற வேகத்தடை தெரியாமல் போகலாம். பார்வை அட்டையில் இரண்டு பேர் ஒரே வரியைப் படித்தாலும் வீட்டுக்கு நடந்து போவதில் ஒருவர் தடுக்கி விழுவது இதனால்தான்.

நம் மொழிக்கே உரிய சிக்கலும் உண்டு. தமிழில் ஒரு புள்ளி கண்ணுக்குத் தப்பினால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். கொம்பின் சுழி தெரியாவிட்டால் ‘கோடு’ ‘கொடு’ ஆகிவிடும். ஆங்கில எழுத்துகளின் அளவை வைத்து மட்டும் கணித்த உருப்பெருக்கி தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குப் போதாமல் போகலாம். தமிழ் எழுத்துகளைக் கொண்டே அறிவியல் முறைப்படி பார்வை அட்டை உருவாக்கிச் சரிபார்த்த ஆய்வு 2009-இலேயே வெளிவந்தது. அந்த மாதிரி அட்டை ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தொங்க வேண்டும்.

அளந்த பிறகுதான் கருவி. இங்கே ஒரு கணக்கைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்வது நல்லது. 40 செ.மீ. தூரத்தில் இருக்கும் புத்தகத்தை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் எழுத்து கண்ணில் நான்கு மடங்கு பெரிதாக விழும். குறைபார்வை உள்ள குழந்தை மூக்கு உரசப் படிப்பது தானே கண்டுபிடித்த உருப்பெருக்கி. “தள்ளி வைத்துப் படி, கண் கெட்டுப்போகும்” என்று அதட்டுவது அந்தக் கருவியைப் பிடுங்குவதற்குச் சமம். வயதானவரின் கண்ணால் அவ்வளவு கிட்டத்தில் குவிக்க முடியாது. அவருக்கு அந்த வேலையைச் செய்யும் கண்ணாடி வேண்டும். 20 டயாப்டர் திறனுள்ள கண்ணாடி கொடுத்தால் தாள் 5 செ.மீ.யில் இருக்க வேண்டும், 10 செ.மீ.க்குத் தள்ளினால் எல்லாம் மங்கிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தி படிக்கவைத்து, விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று காட்டி அனுப்பாவிட்டால் அந்தக் கண்ணாடி பீரோவுக்குள் போய்விடும்.

கருவியே இல்லாத உதவிகளும் பல. கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி பிளவு வெட்டினால், மேலும் கீழும் உள்ள வரிகளின் கூச்சம் போய்ப் படிப்பு சீராகும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தயிர்சோற்றை அடர்நிறத் தட்டில் போடுவது, வெள்ளைக் கோப்பையில் டிகாக்‌ஷன் ஊற்றி அளவு பார்ப்பது, மாடிப்படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடிப்பது, தடித்த கோடு போட்ட நோட்டு, சாய்வு மேசை. நடுப்பார்வை போனவருக்கு ஓரப்பார்வையால் முகத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் இந்தப் பயிற்சியில் சேரும். பார்க்கிறவருக்கு அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கும். அவருக்கு அப்போதுதான் முகம் தெரியும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். பார்வை நன்றாகக் குறைந்த முதியவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: பூக்கோலம், குட்டி மனிதர்கள், அறைக்குள் குழந்தைகள். 1760-இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்த சார்ல்ஸ் போனே என்ற ஸ்விஸ் அறிஞரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. சேதி கிடைக்காத மூளை தானாகவே படம் வரைந்துகொள்கிறது, மனநோய் இல்லை. இங்கே இதைக் காத்துக்கருப்பு என்றோ புத்தி பேதலிப்பு என்றோ சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. பார்வை மறுவாழ்வில் பயிற்சி பெற்றவர் தானாகவே கேட்பார், விளக்குவார். பாதி நோய் அந்த விளக்கத்தில் தீரும்.

பயன் உண்டா? ஆதாரம் இருக்கிறது

இதெல்லாம் நல்லெண்ணத்தில் பேசப்படும் ஆறுதல் என்று நினைப்பவர்களுக்கு ஆய்வுகளைக் காட்டலாம். விழித்திரையின் நடுப்பகுதி பாதித்த 126 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களின் படிக்கும் திறன், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிடக் கணிசமாகத் தேறியது. அதே ஆய்வுக்குழு 323 பேரை வைத்து 2017-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. கருவிகளைத் தேர்ந்து கொடுப்பது மட்டும் போதுமா, பயிற்சியும் வேண்டுமா என்பது கேள்வி. பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்குக் கருவி கொடுத்து விளக்கியதே போதுமாக இருந்தது. அதற்கு மேல் இழந்தவர்களுக்குப் பயிற்சியும் வீட்டுப்பாடமும் சேர்ந்தபோதுதான் முழுப் பலன் கிடைத்தது. திட்டம் போடும் அதிகாரிக்கு இது பணம் மிச்சப்படுத்தும் செய்தி: எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை.

மனச்சோர்வைப் பற்றியது மூன்றாவது. முதுமைச் சிதைவால் பார்வை குறைந்தவர்களிடம், குறைபார்வைச் சிகிச்சையோடு தினசரி வேலைகளைத் திரும்பத் தொடங்கவைக்கும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தபோது, நான்கு மாதத்தில் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 12.6 விழுக்காடு, ஆதரவுப் பேச்சு மட்டும் சேர்த்தவர்களில் 23.7 விழுக்காடு. 2014-இல் வெளியான முடிவு இது. ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை, நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்லலாம். பொருந்தாத பகுதி கருவிகளின் விலையும் வீட்டின் அமைப்பும். செய்தித்தாள் படிக்க முடியாமல் போனவரின் மனம் எங்கும் ஒன்றுதான்.

மறுப்புகள் நான்கு

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கே ஆட்கள் காத்திருக்கும்போது இதற்குப் பணம் எங்கே என்பது முதல் மறுப்பு. அறுவை அரங்கமும் லென்ஸும் மருத்துவரும் தேவைப்படும் வேலையிலிருந்து எதையும் இது பிடுங்கவில்லை. தேவை ஒரு சின்ன அறை, நல்ல விளக்கு, ஒரு பெட்டி நிறைய உருப்பெருக்கிகள், பயிற்சி பெற்ற ஒருவர். இதைச் செய்யாமல் விடுவதற்கும் விலை உண்டு. அந்தக் கணக்கு அரசு ஏட்டில் வராது என்பதுதான் வித்தியாசம். பார்வை குறைந்த ஒருவரை அழைத்துப் போய் வர இன்னொருவர், பெரும்பாலும் மகளோ மருமகளோ பேத்தியோ, தன் வேலையையோ படிப்பையோ விடுகிறார்.

இரண்டாவது மறுப்பு புதிது: கைபேசி வந்துவிட்டதே, இனி உருப்பெருக்கி எதற்கு? கைபேசி பெரிய வரம், ஐயமே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தைத் திருப்பிப் போடும், படித்தும் காட்டும். யாருக்கு எது என்று முடிவு செய்வதில்தான் சிக்கல். பார்வைப் பரப்பு குழாய்போலச் சுருங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், அந்தக் குழாய்க்குள் அடங்கும் எழுத்துகள் குறைந்து படிப்பு இன்னும் மெதுவாகும். அவருக்குத் தேவை வெளிச்சமும் வேறுபாடும். நடுப்பார்வை போனவருக்கு நேர்மாறு. கையில் இருப்பது ஒரே கைபேசி, எழுத வேண்டிய சீட்டு வேறு வேறு. கைபேசியைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோக முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண் மருத்துவரே இதைச் செய்யட்டும் என்பது மூன்றாவது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சையும் அவருடையவை. அதில் ஆப்டோமெட்ரிஸ்ட் குறுக்கிட வேண்டியதில்லை. குறைபார்வைப் பரிசோதனை ஒன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும், பிறகு இரண்டு மூன்று முறை திரும்ப வரவேண்டும். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணரின் நேரத்தை இதற்குக் கேட்பது அந்த நூறு பேருக்கும் அநியாயம்.

நான்காவது மறுப்பை யாரும் மேடையில் சொல்வதில்லை, வீட்டில் சொல்வார்கள்: மிச்சக் கண்ணையும் வேலை வாங்கினால் அதுவும் போய்விடாதா? இந்தப் பயத்துக்கு மருத்துவ உலகமே ஒரு காலத்தில் துணைபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலும் பாஸ்டனிலும் ‘பார்வை காக்கும் வகுப்புகள்’ என்றே தனி வகுப்புகள் நடத்தி, பார்வையை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளின் படிப்பைக் குறைத்தார்கள். 1964-இல் நாட்டலி பராகா என்ற அமெரிக்கக் கல்வியாளர், பயன்படுத்தப் பழக்கினால் குழந்தைகள் மிச்சப் பார்வையை முன்பைவிடத் திறமையாகப் பயன்படுத்துவார்கள் என்று காட்டிய பிறகே அந்த எண்ணம் மெல்ல மாறியது. பார்வை உண்டியல் பணமில்லை, எடுக்க எடுக்கக் குறைவதற்கு. இந்தியாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் நடந்த ஆய்வுகளிலும், பிரெயில் மட்டுமே கற்றுவந்த பிள்ளைகளில் பயன்படத்தக்க பார்வை உள்ளவர்கள் இருப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. பிரெயில் வேண்டாம் என்பதல்ல. இரண்டும் தெரிந்திருப்பதில் என்ன நஷ்டம்?

உருப்பெருக்கியால் படித்துக் காட்டிவிட்டால் சான்றிதழ் பறிபோகுமோ என்ற பயமும் இதன் தம்பிதான். சட்டம் அளப்பது சிறந்த திருத்தக் கண்ணாடிக்குப் பிறகுள்ள பார்வையை. கையில் பிடிக்கும் உருப்பெருக்கி அந்தக் கணக்கில் சேராது. இதைச் சான்றிதழ் தரும் இடத்திலேயே உரக்கச் சொல்ல வேண்டும்.

படித்தவர்கள் ஏன் வருவதில்லை?

ஆப்டோமெட்ரி நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. சென்னையில் 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இந்தத் துறைக்கு நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. குறைபார்வை எல்லோருக்கும் பாடத்தில் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் போன்ற இடங்களில் இதற்கெனத் தனிப் பிரிவுகளும் உண்டு. ஆனாலும் படித்து வெளியே வரும் இளைஞர்களில் மிகச் சிலரே இதை வாழ்நாள் வேலையாக எடுக்கிறார்கள்.

காரணம் மனப்பான்மையில் இல்லை, வரவு செலவில் இருக்கிறது. குறைபார்வை நோயாளி ஒருவரோடு செலவழிக்கும் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு கண்ணாடிச் சீட்டுக்கும் பின்னால் பிரேம் விற்பனை இருக்கிறது. குறைபார்வைக்குப் பின்னால் ஓர் உருப்பெருக்கி, பல சமயம் ஓர் அறிவுரை மட்டும். தனியார் மருத்துவமனையில் இந்தப் பிரிவு அறக்கட்டளைப் பணத்தில் ஓடும்; அரசு மருத்துவமனையில் பணியிடம் இருந்தால்தானே ஓடும்? காப்பீட்டுத் திட்டங்களின் மையம் அறுவையும் உள்நோயாளிச் சிகிச்சையும். ஆக, சந்தையும் விலை வைக்கவில்லை, அரசும் விலை வைக்கவில்லை. தியாகிகளை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது.

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் தன் பட்டியலில் சேர்த்து, பதிவேடு, பாடத்திட்டத் தரம், மாநிலக் கவுன்சில் என்று ஒரு சட்டகம் தந்திருக்கிறது. இது நல்ல தொடக்கம். பதிவு எண் கிடைத்தால் மதிப்பு வரும். பணியிடமும் சம்பள விகிதமும் வந்தால்தான் ஆள் வருவார்.

எங்கே தொடங்குவது?

புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். சான்றிதழ் வழங்கும் நாளில், கண் மருத்துவரின் மேசைக்கு அடுத்து இன்னொரு மேசை போடுவதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழின் ஒரு படி உள்ளாட்சியின் சமூகநலத் துறைக்குப் போகிறது. அவர்கள்தான் அந்த நபரைத் தொடர்புகொள்ள வேண்டும். இங்கே நோயாளிதான் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அடுத்த மேசை அந்த அலைச்சலில் பாதியைக் குறைக்கும்: அன்றே பரிசோதனை, அன்றே முதல் கருவி, பள்ளிப் பிள்ளையானால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் சிறப்புப் பயிற்றுநருக்கு ஒரு கடிதம்.

அந்த மேசையில் உட்கார மாவட்டத்துக்கு ஒருவராவது, குறைபார்வையில் கூடுதல் பயிற்சி பெற்ற நிரந்தர ஆப்டோமெட்ரிஸ்ட் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வெளிநோயாளிப் பிரிவு. மற்ற நாள்களில் பார்வையற்றோர் பள்ளி, வட்டார மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள், அதே வாசலில் “மாத்திரை அட்டையைப் படிக்க முடிகிறதா?” என்று ஒரு கேள்வியைக் கேட்டு, முடியாதவர்களின் பெயரை அனுப்பிவைக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

கருவி முகாம்களின் வழக்கமும் மாற வேண்டும். 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டம் போன்றவற்றில் குறைபார்வைக் கருவிகளை வழங்கும்போது, எல்லோருக்கும் ஒரே பெட்டி என்ற முறையை விட்டு, பரிசோதனைச் சீட்டில் எழுதிய கருவியை மட்டும் கொடுப்பதும், மூன்று மாதம் கழித்து அது பயன்படுகிறதா என்று பார்த்துப் பயன்படாவிட்டால் மாற்றிக் கொடுப்பதும் போதும். கருவிகளை விட்டுவிடுகிறார்கள், ‘சோடாபுட்டி’ என்ற கேலிக்குப் பயந்து பிள்ளைகள் போடுவதில்லை என்பது உண்மை. அதற்கு மருந்து கருவியை நிறுத்துவதில்லை, வகுப்பாசிரியரை மேசைக்கு எதிரே உட்காரவைத்து விளக்குவது.

பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கட்டணத் தொகுப்பு நிர்ணயித்தால் தனியார் மருத்துவமனைகளும் இந்தப் பிரிவைத் திறக்கும், இளைஞர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தேர்வு வாரியங்கள், சொல்வதை எழுத ஆள் என்ற சலுகையோடு நிற்காமல், பெரிய எழுத்து வினாத்தாள், மேசை விளக்கு, உருப்பெருக்கி ஆகியவற்றை ஆப்டோமெட்ரிஸ்டின் பரிந்துரைப்படி அனுமதிக்கும் ஒற்றைப் படிவத்தைக் கொண்டுவரலாம்; தன் கையால் எழுத முடிந்த பிள்ளைக்கு அதுவே பெரிய விடுதலை.

சான்றிதழிலும் ஒரு சின்ன மாற்றம். இழப்பின் விழுக்காடு எழுதும் கட்டத்துக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட வேண்டும்: எந்த உதவியோடு இவர் எந்த அளவு எழுத்தைப் படிக்கிறார், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும்.